கேமரா பார்த்தது சரி, கேமராவை யார் பார்த்தது?

அமெரிக்காவின் பால்டிமோர் நகரம், 2017 ஜனவரி. குப்பை கொட்டிக் கிடக்கும் ஒரு கொல்லைப்புறம். போலீஸ்காரர் ஒருவர் சின்ன பிளாஸ்டிக் பை ஒன்றை ஒரு தகர டப்பாவுக்குள் வைக்கிறார். டப்பாவைக் குப்பையோடு குப்பையாகப் போடுகிறார். அருகில் இரண்டு போலீஸார் நிற்கிறார்கள். பிறகு சந்திலிருந்து தெருவுக்கு வந்து, தன் நெஞ்சில் மாட்டியிருக்கும் கேமராவின் பட்டனை அழுத்துகிறார். உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அதே இடத்துக்குத் திரும்புகிறார். கொஞ்சம் தேடுகிறார். அதே டப்பாவைக் கையில் எடுக்கிறார். உள்ளே போதை மாத்திரைகள்!

அவருக்குத் தெரியாமல் போனது, அல்லது மறந்துபோனது ஒன்று உண்டு. அந்த வகை கேமரா, ஆன் ஆகி நிற்கும்வரை சும்மா இருப்பதில்லை. காட்சியை எடுத்து எடுத்து அழித்துக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தியதும், அதற்கு முந்தைய 30 விநாடிகளையும் சேர்த்துச் சேமித்துவிடும். அந்த 30 விநாடிக்குச் சத்தம் இருக்காது, படம் மட்டும்தான். டப்பாவுக்குள் பையை வைத்தது அந்த ஊமைப் படத்தில் அப்படியே பதிவாகிவிட்டது.

இந்த விஷயம் வெளியே வந்தது எப்போது தெரியுமா? ஜூலை மாதம். அதுவரை அந்த வீடியோ காவல்துறையின் சேமிப்பில் பத்திரமாக இருந்தது. அந்த வழக்கில் கைதானவரும் ஜெயிலில் இருந்தார். 50,000 டாலர் ஜாமீன் கட்ட அவரிடம் வசதியில்லை. விசாரணை நெருங்கும் நேரத்தில், அவருக்காக வாதாட வந்த அரசு உதவி வக்கீல் அலுவலகம் வீடியோவை முதலிலிருந்து போட்டுப் பார்த்தது. வழக்கு கைவிடப்பட்டது. அந்தப் போலீஸார் சாட்சி சொல்ல இருந்த வேறு பல வழக்குகளும் வரிசையாகக் கைவிடப்பட்டன. மாத்திரையை நான் முன்பே கண்டெடுத்துவிட்டேன், கேமராவுக்காகத் திரும்ப நடித்துக் காட்டினேன் என்பது அந்த அதிகாரி சொன்ன விளக்கம். கோர்ட் ஏற்கவில்லை. 2018-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. 3 ஆண்டு சிறை, ஆனால் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. அதாவது, அவர் உள்ளே போகவில்லை.

பாடி கேமரா உண்மையைக் காட்டும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். காட்டும்தான். ஆனால் அதன் முன்னால் ஒருவர் உட்கார்ந்து, ஆரம்பம் முதல் கடைசிவரை பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதே அமெரிக்காவில் இன்று ஒரு தனி வேலையாகிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீலுக்காக இந்த வீடியோக்களை அலசித் தருபவர்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

முதலில் ஒரு சின்னச் சட்டப் பின்னணி. 1963-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு பெரிய தீர்ப்புகளைக் கொடுத்தது. ஒன்று கிடியன் வழக்கு: கடுமையான குற்றம் சாட்டப்பட்டவர் ஏழை என்றால் அரசே அவருக்கு வக்கீல் வைத்துத்தர வேண்டும். அப்படி வரும் அரசு வக்கீல்தான் 'பப்ளிக் டிஃபெண்டர்'. இன்னொன்று பிரேடி வழக்கு: குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கிய ஆதாரம் அரசுத் தரப்பின் கையில் இருந்தால், அதை மறைக்காமல் கொடுத்தாக வேண்டும். இந்த பிரேடி வழக்கு வந்ததும் பால்டிமோர் இருக்கும் அதே மேரிலாந்து மாநிலத்திலிருந்துதான்.

கேமரா வந்தது இதற்கெல்லாம் ரொம்பப் பிற்பாடு. 2014-ல் ஃபெர்குசன் என்ற ஊரில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஆளுக்கொரு விதமாகச் சாட்சி சொன்னார்கள், வீடியோ இல்லை. நாடே கொந்தளித்தது. அடுத்த வருடமே மத்திய அரசு 2.3 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, ஊர் ஊராகக் கேமரா வாங்க உதவியது. அதற்கு முன்பே கலிஃபோர்னியாவின் ரியால்டோ என்ற சிறு நகரில் சோதித்துப் பார்த்திருந்தார்கள். போலீஸ் மீதான புகார்கள் 90 சதவிகிதம் அளவுக்குக் குறைந்ததாகச் செய்தி வந்தது. எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை. ஆனால் தலைநகர் வாஷிங்டனில் 2,000-க்கும் மேற்பட்ட போலீஸாரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2017-ல் வந்தபோது, கேமரா மாட்டியவர்களுக்கும் மாட்டாதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை என்று தெரிந்தது. போலீஸ்காரரின் நடத்தை மாறியதோ இல்லையோ, வீடியோ மட்டும் மலைபோல் குவிந்துவிட்டது.

நம் வீட்டுக் கல்யாண வீடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரம் ஓடும். மாலை மாற்றுவதையும் தாலி கட்டுவதையும் பார்ப்போம், மற்றதை ஓட்டிவிடுவோம். ஆனால் அன்றைக்கு மண்டபத்தில் ஒரு நகை தொலைந்துபோனதென்றால்? அப்போது தாலி கட்டும் காட்சியை யார் பார்க்கிறார்கள்! மணமேடைக்குப் பின்னால் யார் எழுந்து போனார், பந்தியில் எந்த நாற்காலி காலியாக இருந்தது என்று ஓரத்தில் தெரிவதையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம் இல்லையா? எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வீடியோ பார்ப்பவரின் வேலை அதுதான். கைது செய்யும் நிமிடத்தை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள 'ஒன்றுமில்லாத' நேரத்தில்தான் அவருக்கு வேலை.

இப்போது ஒரு கணக்கு. ஒரு சாதாரணக் கைதுக்கு நான்கு போலீஸார் வருகிறார்கள், ஒவ்வொருவர் கேமராவும் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே வழக்கில் 6 மணி நேர வீடியோ. ஒரு பப்ளிக் டிஃபெண்டர் வருடத்துக்கு அதிகபட்சம் 150 பெரிய குற்ற வழக்குகளை எடுக்கலாம் என்று 1973-ல் ஓர் அளவு வகுத்தார்கள். 150 வழக்கு, வழக்குக்கு 6 மணி நேரம் என்றால் 900 மணி நேரம். ஒருவர் வருடம் முழுக்க வேலை செய்வதே சுமார் 2,000 மணி நேரம்தான். கிட்டத்தட்ட பாதி வருடம் திரையின் முன்னாலேயே போய்விடும். கட்சிக்காரரைப் பார்ப்பது, சாட்சியைத் தேடுவது, கோர்ட்டில் நிற்பது எல்லாம் மீதி நேரத்தில். 1973-ல் இப்படி ஒரு கேமராவை யாரும் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார்கள். 2023-ல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று, பழைய அளவு இன்றைக்குச் சரிப்படாது என்று சொன்னபோது, அதற்கான காரணங்களில் இந்த வீடியோக்களையும் சேர்த்தே சொன்னது.

வசதியுள்ளவர்கள் தனியாக ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரிகள், தனியார் துப்பறிவாளர்கள், சட்ட உதவியாளர்கள், வீடியோ நிபுணர்கள் என்று மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். இல்லாதவருக்கு, அந்த ஒரு வக்கீலின் இரவு நேரம்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அமெரிக்க சினிமாவில் காட்டுவதுபோல் ஜூரி முன்னால் அனல் பறக்க வாதாடும் வழக்குகள் மிகக் குறைவு. மாநில நீதிமன்றங்களில் தண்டனை பெறுபவர்களில் 94 சதவிகிதம் பேரும், மத்திய நீதிமன்றங்களில் 97 சதவிகிதம் பேரும் தாங்களாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் என்று உச்ச நீதிமன்றமே 2012-ல் ஒரு தீர்ப்பில் எழுதியிருக்கிறது. 'ஒப்புக்கொள், ஆறு மாதத்தில் வெளியே போகலாம். வழக்கு நடத்தினால் ஐந்து வருடம் ஆகலாம்' என்ற மாதிரியான பேரம். அந்தப் பேரத்தில் தலையாட்டும் முன் வீடியோவை யாராவது முழுதாகப் பார்த்தார்களா? பல வழக்குகளின் தலையெழுத்தே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பால்டிமோர் ஆள் மாதக்கணக்கில் ஜெயிலில் இருந்ததில் சலித்து, வீட்டுக்குப் போனால் போதும் என்று நடுவில் ஒப்புக்கொண்டிருந்தால், அந்த 30 விநாடியை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். நியூயார்க் மாநிலம் 2020-லிருந்து சட்டத்தை மாற்றி, வக்கீல் கேட்காமலேயே இந்த ஆதாரங்களை அரசுத் தரப்பு கொடுக்க வேண்டும் என்று கெடுவும் வைத்திருக்கிறது. எல்லா மாநிலங்களிலும் அப்படி இல்லை.

சரி, எப்படிப் பார்க்கிறார்கள்?

கடிகாரத்திலிருந்து ஆரம்பிப்போம். அமெரிக்கப் போலீஸார் பலர் மாட்டியிருப்பது ஆக்ஸான் நிறுவனத்தின் கேமரா. மின் அதிர்ச்சித் துப்பாக்கி செய்து 'டேசர்' என்ற பெயரில் இருந்த அதே நிறுவனம்தான். இந்தக் கேமரா படத்தின் ஓரத்தில் தேதி, நேரம் ஓடும். பல வீடியோக்களில் கடைசியில் 'இசட்' என்று ஓர் எழுத்து இருக்கும். பள்ளியில் படித்த கிரீன்விச் நேரம் ஞாபகம் இருக்கிறதா? அதுதான் அது. பால்டிமோரில் குளிர்காலம் என்றால் அதிலிருந்து 5 மணி நேரத்தைக் கழிக்க வேண்டும், கோடையில் 4 மணி நேரம். கேமராவில் 15-ம் தேதி அதிகாலை 2:10 என்று தெரிந்தால், குளிர்காலத்தில் அங்கே உண்மையில் 14-ம் தேதி இரவு 9:10. இதைக் கவனிக்காதவர் அவசர போலீஸ் எண்ணுக்கு வந்த அழைப்பு, ரோந்து வண்டிப் பதிவு, பக்கத்துக் கடை சிசிடிவி எதனோடும் வீடியோவைப் பொருத்த முடியாமல் மண்டையைப் பிய்த்துக்கொள்வார். நேரத்தைச் சரிசெய்து எல்லாவற்றையும் ஒரே காலக்கோட்டில் வைத்தால்தான், போலீஸ் அறிக்கையில் முதலில் நடந்ததாக எழுதியது உண்மையில் பிறகு நடந்தது என்பது தெரியவரும்.

அடுத்து, வந்த போலீஸார் எத்தனை பேர், வீடியோ எத்தனை என்று எண்ணுவது. ஒருவர் கேமராவில் இன்னொருவர் நெஞ்சில் சிவப்பு விளக்கு எரிவது தெரியும். ஆனால் அவருடைய வீடியோ மட்டும் வந்திருக்காது. எங்கே அது? கேட்க வேண்டும். இந்த வீடியோக்கள் சேமிக்கப்படும் தளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரலாறு உண்டு: யார் திறந்து பார்த்தார், எப்போது பார்த்தார், யார் ஒரு துண்டை வெட்டி எடுத்தார் என்றெல்லாம். விவரம் தெரிந்த வக்கீல் வீடியோவோடு இந்தப் பட்டியலையும் கேட்டு வாங்குவார். அதிகாரி வீடியோவைப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதினாரா, எழுதிவிட்டுப் பார்த்தாரா என்பது அதில் தெரிந்துவிடும்.

முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. காரணம் இருக்கிறது. கீழே தள்ளி அமுக்கும்போது 'எதிர்க்காதே, எதிர்க்காதே' என்று போலீஸ்காரர் கத்திக்கொண்டே இருப்பார். அந்தக் குரல் நம் காதில் விழுந்தால், கீழே கிடப்பவர் எதிர்ப்பதாகவே நம் கண்ணுக்கும் தெரியும். சத்தமில்லாமல் பார்த்தால் கை அசைகிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். இரண்டாவது தடவை சத்தத்தோடு. சில துறைகளில் ஒலியை மட்டும் நிறுத்திவைக்க அதிகாரிக்கு அனுமதி உண்டு. சத்தம் எந்த நொடியில் நின்றது, எப்போது திரும்ப வந்தது, அந்த இடைவெளியில் யார் யாரோடு உதடசைத்துப் பேசினார்கள் என்று குறித்துக்கொள்வார்கள்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகளில் இந்த வேலைக்கு ரொம்பவே மதிப்பு. அங்கே சாலையோரத்தில் ஒரு பரீட்சை வைப்பார்கள். குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல் கோட்டில் 9 காலடி நடந்து, திரும்பி, மறுபடி 9 காலடி வர வேண்டும். பிறகு ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்க வேண்டும். 'தள்ளாடினார்' என்று அறிக்கையில் ஒரே வார்த்தையில் எழுதிவிடலாம். வீடியோவில் பார்த்தால் சாலை சரிவாக இருக்கும். அந்த அம்மா குதிகால் உயர்ந்த செருப்பு போட்டிருப்பார். லாரி ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு பக்கத்தில் போகும். 30 விநாடி என்றது கடிகாரத்தில் எண்ணினால் 40-ஐத் தாண்டியிருக்கும். இதெல்லாம் ஜூரிக்குச் சொல்லப்பட வேண்டியவை.

எல்லா வீடியோவும் கட்சிக்காரரைக் காப்பாற்றிவிடும் என்று நினைக்காதீர்கள். பல சமயம் அவர் சொன்ன கதையை அது ஒரே நிமிடத்தில் உடைத்துவிடும். 'நான் கையே ஓங்கலை சார்' என்று சத்தியம் செய்தவர் ஓங்கியதோடு நில்லாமல் அடித்ததும் தெளிவாகத் தெரியும். அதைக் கோர்ட்டில் பார்த்து அதிர்வதைவிட முன்கூட்டியே வக்கீல் தெரிந்துகொள்வதுதான் அவருக்கும் நல்லது. அப்போது பேரத்துக்குப் போவது நியாயமான முடிவுதான், பார்த்துவிட்டு எடுத்த முடிவு என்பதால்.

வீடியோவை முழுதாகப் பார்த்தாலும் நம் கண் ஒழுங்காகப் பார்க்கிறதா என்பது வேறு கதை. நெஞ்சில் மாட்டிய கேமராவில் போலீஸ்காரரின் முகமும் உடம்பும் தெரியாது. எதிரே நிற்பவர்தான் திரை முழுக்கத் தெரிவார். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே மாதிரி சம்பவங்களைப் பாடி கேமராவிலும் போலீஸ் காரில் பொருத்திய கேமராவிலும் காட்டினார்கள். பாடி கேமராவில் பார்த்தவர்கள், போலீஸ்காரர் வேண்டுமென்றே செய்யவில்லை என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். ஆளே கண்ணில் படாதபோது அவர் மேல் எப்படிப் பழி போடத் தோன்றும்! மெதுவாக ஓட்டிப் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. ஸ்லோ மோஷனில் பார்த்தால், செய்தவர் யோசித்துத் திட்டமிட்டே செய்தார் என்று தோன்றும் என்பதை 2016-ல் வேறோர் ஆய்வு காட்டியது. அரை விநாடியில் நடந்து முடிந்ததை நாம் ஐந்து விநாடி பார்க்கிறோம் அல்லவா? இதெல்லாம் போக, நெஞ்சில் தொங்கும் கேமரா சின்னத் தள்ளுமுள்ளையும் பெரிய சண்டைபோல் குலுக்கிக் காட்டும்.

இந்தக் கேமரா வருவதற்கு முன்பே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதில் சிக்கியிருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் வேகமாகப் போன 19 வயது இளைஞரின் காரைப் போலீஸ் வண்டி துரத்தி, பின்னாலிருந்து முட்டியது. அவர் கை, கால் செயலிழந்துபோனார். 2007-ல் நீதிபதிகள் போலீஸ் காரில் எடுத்த வீடியோவைப் பார்த்தார்கள். எட்டுப் பேருக்கு அந்த இளைஞர் ஊருக்கே ஆபத்தாக ஓட்டியது தெரிந்தது. ஒருவருக்கு அப்படித் தெரியவில்லை. நீங்களே பாருங்கள் என்பதுபோல் வீடியோவையே நீதிமன்றம் இணையத்தில் போட்டது. மூன்று சட்ட ஆய்வாளர்கள் அதை நிஜமாகவே 1,350 அமெரிக்கர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெரும்பாலோர் நீதிமன்றத்தின் பக்கம்தான். ஆனால் கறுப்பினத்தவர்கள், வருமானம் குறைந்தவர்கள் எனச் சில பிரிவினருக்கு அதே வீடியோவில் வேறொன்று தெரிந்தது. தனக்குத் தெரிவதே எல்லோருக்கும் தெரியும் என்று வீடியோ பார்ப்பவர் நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

'எதிர்த்தரப்பு வக்கீல்' என்றால் எப்போதும் போலீஸுக்கு எதிரானவர் என்றும் இல்லை. 2020-ல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்த வழக்கில், பாடி கேமரா காட்சிகளையும் அவற்றின் எழுத்து வடிவத்தையும் முதலில் கோர்ட்டில் தாக்கல் செய்தது, குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர் ஒருவரின் வக்கீல்தான். தன் கட்சிக்காரர் மீதான வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரி! கோரிக்கை பலிக்கவில்லை. ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்த டெரெக் சாவினின் கேமரா, மல்லுக்கட்டில் கழன்று கீழே விழுந்துவிட்டது. அவர் செய்ததை உலகத்துக்குக் காட்டியது ஒரு பள்ளி மாணவியின் செல்போன்.

இத்தனை மணி நேர வீடியோவை மனிதர்களால் பார்க்க முடியாது என்றதும் ஏ.ஐ. வராமல் இருக்குமா? பேச்சை எழுத்தாக்கி, 'தேடலாமா', 'சரி' போன்ற வார்த்தைகள் வரும் இடத்துக்கு நேரே கூட்டிப்போகும் மென்பொருள்கள் வந்துவிட்டன. பப்ளிக் டிஃபெண்டர்களுக்கென்றே உருவானவையும் இருக்கின்றன. நல்ல உதவிதான், கொச்சையையும் கூச்சலையும் அது தப்பாக எழுதும் இடங்களைக் காதால் சரிபார்த்துக்கொண்டால். காவல்துறைப் பக்கம் 2024-ல் ஆக்ஸான் இன்னொன்றைக் கொண்டுவந்தது. கேமராவின் ஒலியைக் கேட்டு, போலீஸ் அறிக்கையின் முதல் வரைவை ஏ.ஐ.-யே எழுதித்தரும். சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுன்ட்டியின் அரசு வக்கீல் அலுவலகம் அதே வருடம், இப்படி எழுதிய அறிக்கைகளை எங்களிடம் கொண்டுவராதீர்கள் என்று போலீஸாருக்குச் சொல்லிவிட்டது. சரியாகத்தான் சொன்னார்கள் என்பது என் எண்ணம். இதுவரை போலீஸ்காரரின் ஞாபகம் ஒரு பக்கம், வீடியோ ஒரு பக்கம் என்று இரண்டையும் ஒப்பிட்டுத்தான் வக்கீல்கள் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். வீடியோவே அறிக்கையையும் எழுதினால் எதை எதோடு ஒப்பிடுவது? அது கேட்பது ஒலியை மட்டும்தான் என்பதையும் கவனியுங்கள். பால்டிமோரின் அந்த 30 விநாடியில் சத்தமே கிடையாது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு, போலீஸ் சோதனை நடத்துவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் ஒலியோடு வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. செல்போனில் எடுத்தாலே போதும். பதிவை மாஜிஸ்திரேட்டுக்குத் தாமதமின்றி அனுப்ப வேண்டும். ஆகவே, நம் ஊர் ஜூனியர் வக்கீல்களின் மேஜைக்கும் இந்த வீடியோக்கள் வரத் தொடங்கிவிடும். அவற்றைக் கையில் எடுக்கும்போது, பதிவு எந்த நிமிடத்தில் ஆரம்பிக்கிறது, அதற்கு முன் போலீஸார் வீட்டுக்குள் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும். நம் செல்போன் கேமரா சாதாரணமாக, பட்டனை அழுத்திய நொடியிலிருந்துதான் பதிவு செய்யும்.